ஈஸ்ட்டை அரைத்தா நொதி எடுக்கிறார்கள்?

நாமக்கல் பக்கம் பண்ணைக்குச் சொந்தமாகத் தீவனம் அரைக்கும் ஒருவர் கேட்டது இது. ஃபைட்டேஸ் (தானியத்தில் ஃபைட்டேட்டாகப் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸை விடுவிக்கத் தீவனத்தில் போடும் நொதி) பொட்டலத்தில் "ஈஸ்ட்டில் தயாரித்தது" என்று போட்டிருக்கிறது, அப்படியென்றால் ஈஸ்ட்டை அரைத்து நொதியை எடுக்கிறார்களா, இல்லை ஈஸ்ட்டே வெளியே விடுகிறதா? கெட்டியான சுவர் உள்ள செல்லிலிருந்து அவ்வளவு பெரிய புரதம் எப்படி வெளியே வரும்? எல்லாமே ஃபைட்டேஸ்தான் என்கிறார்கள், ஆனால் ஒன்று சூட்டைத் தாங்குகிறது, இன்னொன்று தாங்கவில்லை, ஏனுங்க?

அரைப்பதில்லைங்க. ஈஸ்ட்டே வெளியே விடுகிறது. தொட்டியில் வளர்த்து, செல்களைச் சுழற்றியும் வடிகட்டியும் தனியே பிரித்துவிட்டு, நொதி கரைந்திருக்கும் திரவத்தை மட்டும் எடுத்துச் சுண்டவைத்துப் பொடியாக்குகிறார்கள். ஆனால் இதோடு நிறுத்தினால் மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காது. செல்லுக்குள் நொதியை முழுசாகச் செய்து முடித்துவிட்டு அப்புறம் அதை வெளியே தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வெளியே வருகிற வழியில்தான் அது நொதியாகவே ஆகிறது. மடிவதும் சர்க்கரை ஏறுவதும் வேண்டாத துண்டு வெட்டுப்படுவதும் அந்தப் பயணத்துக்குள்தான் நடக்கின்றன, அதனால் ஒரே ஜீனை வேறு வேறு செல்லில் வைத்தால் வெளியே வரும் சரக்கும் கொஞ்சம் வேறாகத்தான் இருக்கும்.

நம்ம பக்கம் எல்லோரும் பார்த்த ஒரு ஈஸ்ட் வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பனையிலிருந்து இறக்குகிற தெளுவு (பதநீர்). பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். தெளுவில் இருக்கும் இனிப்பு பெரும்பாலும் சுக்ரோஸ், கடையில் வாங்குகிற சீனியும் அதே சுக்ரோஸ்தான். ஈஸ்ட் அதைப் பெரும்பாலும் அப்படியே உள்ளே இழுப்பதில்லை. இன்வர்டேஸ் என்ற நொதியைத் தன் சவ்வுக்கு வெளியே விட்டு, சுக்ரோஸைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைத்து, அந்தச் சின்னச் சர்க்கரைகளைத்தான் உள்ளே எடுத்துக்கொள்கிறது. சுண்ணாம்பு போதாமல் லேசாகப் புளித்துப்போன தெளுவைக் காய்ச்சினால் கருப்பட்டி இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும், காய்ச்சுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். உடைந்த சர்க்கரை சுக்ரோஸைப் போலச் சுலபத்தில் படிகமாகாது, காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். அந்த இளகலில் இன்வர்டேஸின் கை இருக்கிறது.

இந்த இன்வர்டேஸை வைத்துத்தான் நொதி வெளியேறும் பாதையில் பாதியைக் கண்டுபிடித்தார்கள், அதனால் அதையே பிடித்துக்கொண்டு போவோம். இன்வர்டேஸுக்கு எஸ்யூசி2 என்று ஒரு ஜீன். ஒரே ஜீனிலிருந்து ஈஸ்ட் இரண்டு நீளத்தில் ஆர்என்ஏ படி எடுக்கிறது. நீளமான படியிலிருந்து வரும் புரதத்தின் முனையில் சுமார் 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு முன்துண்டு கூடுதலாக இருக்கும், குட்டையான படியில் அது இருக்காது. முன்துண்டு இல்லாத இன்வர்டேஸ் செல்லுக்குள்ளேயே தங்கிவிடுகிறது, அதன்மேல் சர்க்கரையும் ஏறுவதில்லை. முன்துண்டு உள்ளது வெளியே போகிறது, போய்ச் சேரும்போது அதன் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. குட்டையானது எப்போதும் கொஞ்சம் கொஞ்சம் உண்டாகிக்கொண்டே இருக்கும். நீளமானதைக் குளுக்கோஸ் தாராளமாக இருக்கும்போது ஈஸ்ட் அடக்கி வைத்துவிடும், குளுக்கோஸ் குறையும்போதுதான் ஏராளமாகச் செய்யும். உள்ளேயா வெளியேயா என்ற முடிவு முழுக்க அந்த 20 அமினோ அமிலத்தில் இருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

அந்த முன்துண்டின் நடுப்பகுதி எண்ணெய்த்தன்மை உள்ள அமினோ அமிலங்களால் ஆனது. புரதத்தைக் கட்டும் ரைபோசோமிலிருந்து அது தலைநீட்டியதுமே ஒரு துகள் வந்து அதைப் பிடித்து, ரைபோசோமோடு சேர்த்து எண்டோபிளாச வலை என்ற சவ்வுப் பைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஈஸ்ட்டில் இன்னொரு வழியும் உண்டு: சில புரதங்கள் முழுசாகச் செய்யப்பட்டு, ஆனால் மடியவிடாமல் பிடித்து வைக்கப்பட்டு, அப்புறம் வலைக்குள் இழுக்கப்படுகின்றன. எந்த வழியானாலும் செக்61 என்ற புரதம் அமைத்துக் கொடுக்கும் மெல்லிய துளை வழியாகத்தான் நுழைய வேண்டும், அதுவும் மடியாத நூலாக மட்டும். நுழைந்த கையோடு முன்துண்டு வெட்டி எறியப்படும். புரதத்திலேயே அதன் விலாசம் எழுதியிருக்கிறது என்பதை நிலைநாட்டியதற்காகத்தான் குந்தர் புளோபலுக்கு 1999-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பாருங்கள். மடிந்து உருண்டு பெரிதான புரதம் எந்தச் சவ்வையும் துளைத்துக்கொண்டு போகவே இல்லை. சவ்வைத் தாண்டுவது ஒரே ஒரு தடவை, அதுவும் நூலாக இருக்கும்போது. அதற்குப் பிறகு அது இருப்பதெல்லாம் பைக்குள். ஒரு பையிலிருந்து சின்னக் குமிழ் பிரியும், அடுத்த பையோடு ஒட்டிக் கலக்கும், மறுபடி குமிழ் பிரியும், கடைசிக் குமிழ் செல்லின் வெளிச்சவ்வோடு கலக்கும்போது குமிழின் உட்புறம் அப்படியே வெளிப்புறமாகத் திறந்துகொள்கிறது. எண்டோபிளாச வலைக்குள் விழுந்த அந்த நிமிடமே புரதம் கணக்குப்படி செல்லுக்கு வெளியே வந்துவிட்டது, மிச்சமெல்லாம் பயணம்தான்.

சரி, வலைக்குள் என்ன நடக்கிறது? இதுதான் முழுக் கதையிலும் கனமான இடம். நூல் உள்ளே வரும்போதே கார்2 என்ற துணைப்புரதம் அதைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய்த்தன்மையுள்ள பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல் காக்கிறது. கந்தகம் உள்ள சிஸ்டீன் அமினோ அமிலங்கள் இரண்டு இரண்டாக இணைய வேண்டும், சரியான இரண்டு இணைய வேண்டும், தப்பாக இணைந்தால் பிரித்து மறுபடி இணைக்க வேண்டும். அதற்கென்று பிடிஐ என்ற நொதி இருக்கிறது. ஃபைட்டேஸில் பரவலாகப் புழக்கத்தில் உள்ள ஒரு வகை ஈ.கோலை பாக்டீரியாவின் ஜீனிலிருந்து வந்தது, சுமார் 400 அமினோ அமிலம், நான்கு கந்தகப் பிணைப்புகள். அந்த நான்கும் சரியாக விழுந்தால்தான் அது ஃபைட்டேஸ். செல்லின் சாதாரண உட்கூழில் இந்தப் பிணைப்பு நிலைக்காது, வலைக்குள்தான் அதற்கேற்ற சூழல் இருக்கிறது. செல்லுக்குள்ளேயே தேக்கி வைத்து அரைத்து எடுக்கலாமே என்று கேட்டால் அது சரிப்படாது, அதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சர்க்கரை ஏறுவதும் இங்கேதான் தொடங்குகிறது. நூலில் அஸ்பராஜின், அடுத்து ஏதோ ஒன்று, அதற்கடுத்து செரின் அல்லது திரியோனின் என்ற வரிசை வந்தால், முன்கூட்டியே கட்டி வைத்த 14 சர்க்கரைகள் கொண்ட ஒரு மரக்கிளை மொத்தமாக அந்த அஸ்பராஜினில் ஏற்றப்படும். அதிலிருந்து மூன்று குளுக்கோஸும் மேனோஸ் என்ற இன்னொரு சர்க்கரையில் ஒன்றும் வரிசையாகக் கழற்றப்படும். இந்தக் கழற்றலை ஈஸ்ட் ஒரு கடிகாரம் மாதிரியும் பயன்படுத்துகிறது: குறிப்பிட்ட நேரத்துக்குள் மடியாத புரதத்தின்மேல் மேனோஸ் இன்னும் கழன்று அது குறி போட்டதாகிவிடும், உடனே செல் அதை வலையிலிருந்து வெளியே இழுத்துச் சிதைத்துவிடும். மடியாத சரக்கு குவிந்தால் ஐர்1 என்ற உணரி விழித்துக்கொண்டு, ஹேக்1 என்ற ஜீனின் ஆர்என்ஏவை நடுவில் வெட்டி ஒட்டி, உதவிப் புரதங்களை அதிகமாகச் செய்யச் சொல்லிக் கருவுக்குத் தகவல் அனுப்புகிறது. பீட்டர் வால்டரும் கசுடோஷி மோரியும் தனித்தனியாக ஈஸ்ட்டில் கண்டுபிடித்தது இது.

உற்பத்தி செய்கிறவர்களுக்கு இது நேரடியாகக் கைக்காசு விவகாரம். ஜீனை ஒன்றுக்குப் பதில் பத்துப் படி வைத்தால் பத்து மடங்கு நொதி வரும் என்று கணக்குப் போட்டால் பல நேரம் ஏமாற்றம்தான். ஓரளவுக்கு மேல் போனால் வலைக்குள் மடிக்கிற வேகம் ஈடுகொடுக்காது, நெரிசல் வந்து மொத்த வரவே குறைந்துபோவதும் உண்டு. அப்போது ஜீன் படியைக் குறைப்பது, பிடிஐ, கார்2, ஹேக்1 போன்ற துணைகளைக் கூட்டிக் கொடுப்பது, தொட்டியின் சூட்டை 30 டிகிரியிலிருந்து கொஞ்சம் இறக்குவது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். என் அபிப்பிராயத்தில் ஈஸ்ட்டில் நொதி செய்வதில் திறமை தெரிகிற இடம் ஜீனை நுழைப்பது இல்லை, இந்த நெரிசலைச் சமாளிப்பதுதான்.

மடிந்து தேறியவை குமிழில் ஏறிக் கோல்கை என்ற அடுத்த சவ்வுப் பைகளுக்குப் போகின்றன. கோல்கையில் அந்த மரக்கிளையின்மேல் ஓசிஎச்1 என்ற நொதி முதல் மேனோஸை ஒட்டிவிட்டால் போதும், அதற்குமேல் மேனோஸ் சங்கிலி நீண்டுகொண்டே போகும். ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட்டில் ஒரே கிளையில் 50, 100 என்று மேனோஸ் தொங்கும், அதற்கு மேலும் போகும். ஃபைட்டேஸுக்கு அதிகம் பயன்படுகிற பிக்கியா ஈஸ்ட்டில் இது பெரும்பாலும் 8 முதல் 14 வரை நின்றுவிடும். ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிக்கியா தொட்டியிலிருந்து எடுத்த நொதியை புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓடவிட்டால் கச்சிதமான கோடாக விழாது, மேலே அகலமாகப் பூசிய மாதிரி ஒரு கறை விழும், ஏனென்றால் ஒவ்வொரு மூலக்கூறிலும் சர்க்கரை எண்ணிக்கை வேறு வேறு. அதே மாதிரியைச் சர்க்கரைக் கிளையை வெட்டும் எண்டோ-எச் நொதியோடு கொஞ்ச நேரம் வைத்துவிட்டு மறுபடி ஓட்டினால், கறை சுருங்கி, கீழே இறங்கி, கூர்மையான ஒரே கோடாக நிற்கும். முதல் தடவை பார்க்கிற மாணவர்களுக்கு அப்போதுதான் "சர்க்கரை ஏறுகிறது" என்பது பாடமாக இல்லாமல் பொருளாகத் தெரியும்.

கோல்கையின் கடைசிக் கட்டத்தில் கெக்ஸ்2 என்ற வெட்டும் நொதி காத்திருக்கிறது. லைசினும் ஆர்ஜினினும் அடுத்தடுத்து வரும் இடத்துக்குப் பின்னால் வெட்டும். ஈஸ்ட் இணை தேடி வெளியே விடும் தன் ஆல்ஃபா பாலினச் சுரப்பை 165 அமினோ அமிலம் உள்ள நீளமான புரதமாகச் செய்து, அதற்குள் 13 அமினோ அமிலம் உள்ள நான்கு படிகளை வைத்து, கெக்ஸ்2-ஆல் வெட்டித்தான் தனித்தனியாக எடுக்கிறது. அந்தப் புரதத்தின் முதல் 85 அமினோ அமிலத்தைத்தான் இன்றைக்குத் தொழிலில் வெளியேற்றும் முன்துண்டாக எடுத்து, எந்த நொதி வேண்டுமோ அதன் தலையில் ஒட்டுகிறார்கள். 19 முதல் கட்டத்தில் போய்விடும், மீதி 66 வழியில் துணையாக வந்து கெக்ஸ்2-இடம் வெட்டுப்படும். திருப்பூரில் தைத்து முடித்த பனியனைப் பெட்டியில் போடுவதற்கு முன்னால் பிசிறு வெட்டுகிற மாதிரி. வெட்டு சரியாக விழாவிட்டால் நொதியின் முனையில் இரண்டு மூன்று அமினோ அமிலம் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். தீவன நொதியில் இது பெரும்பாலும் பாதகமில்லை, ஊசி மருந்தில் விடமாட்டார்கள்.

கோல்கையிலிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது, இதைச் சொல்லாமல் விட முடியாது. எல்லாமே வெளியே போவதில்லை. கார்பாக்ஸிபெப்டிடேஸ்-ஒய் போன்ற சிதைக்கும் நொதிகளில் தனிக் குறி இருக்கிறது, அதைப் பிடிக்கும் புரதம் அவற்றை வாக்குவோல் என்ற, செல்லின் செரிமானப் பைக்குத் திருப்பிவிடும். அங்கே போன பிறகுதான் அவற்றின் பூட்டுத் துண்டு வெட்டப்பட்டு வேலைசெய்யத் தொடங்கும். வழியிலேயே விழித்துக்கொண்டால் கூட வருகிற புரதங்களையெல்லாம் தின்றுவிடுமே! தொட்டியில் செல்கள் மிக நெருக்கமாக வளர்ந்து கடைசி நாட்களில் சில உடையத் தொடங்கினால், இந்த வாக்குவோல் நொதிகள் வெளியே கொட்டி, அரும்பாடுபட்டு வெளியே வந்த ஃபைட்டேஸைக் கடித்துவிடும். அதற்காகவே இந்தச் சிதைக்கும் நொதிகளுக்கு மூலமான பெப்4 ஜீனை நீக்கிய பிக்கியா வகைகளும் வைத்திருக்கிறார்கள்.

வெளியே போகவேண்டிய குமிழ்கள் ஆக்டின் நூல்களைப் பிடித்துக்கொண்டு, மயோ2 என்ற நகர்த்தும் புரதத்தால் புது செல் முளைக்கும் மொட்டு இருக்கும் பக்கம் இழுக்கப்படுகின்றன. அங்கே எட்டுப் புரதங்கள் சேர்ந்த எக்சோசிஸ்ட் என்ற கூட்டு குமிழைச் சவ்வோடு பிணைத்து நிறுத்தும், அப்புறம் ஸ்னேர் புரதங்கள் இரண்டு சவ்வுகளையும் இறுக்கிப் பிடித்துக் கலக்கவைக்கும். செய்யத் தொடங்கியதிலிருந்து வெளியே வருவது வரை எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. சுவர் இன்னும் பாக்கி இருக்கிறதே என்பீர்கள். அது சவ்வைப் போல மூடியது இல்லை, குளுக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலியும் மேனோஸ் ஏறிய புரதங்களும் பின்னிய சல்லடை, அதிலும் மொட்டுப் பக்கம் சுவர் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருப்பதால் இளகியிருக்கும். நடுத்தர அளவுள்ள ஃபைட்டேஸ் அதைத் தாண்டித் திரவத்துக்கு வந்துவிடும். இன்வர்டேஸோ பல மூலக்கூறுகள் சேர்ந்து பெரிய கூட்டாகி, பெரும்பகுதி சவ்வுக்கும் சுவருக்கும் நடுவிலேயே தங்கிவிடும், சுக்ரோஸ்தான் சின்னதாக இருப்பதால் உள்ளே வந்து உடைபட்டுப் போகிறது.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? கலிஃபோர்னியாவில் பெர்க்லியில் ராண்டி ஷெக்மனும் அவருடைய மாணவர் பீட்டர் நோவிக்கும் 1979, 1980 வாக்கில் செய்த வேலை. 25 டிகிரி வாக்கில் ஒழுங்காக வளர்ந்து, 37 டிகிரிக்குப் போனால் மட்டும் வெளியேற்றம் நின்றுபோகிற ஈஸ்ட்களைத் தேடினார்கள். வெளியே விட முடியாத செல் புரதத்தைச் செய்துகொண்டே இருக்கும், ஆனால் அளவில் பெருக்காது, அதனால் அடர்த்தி கூடிக் கனமாகிவிடும். செல்களைச் சிலிக்காத் துகள் கலந்த கரைசலில் சுழற்றிக் கனமானவற்றை மட்டும் அடியிலிருந்து எடுத்தார்கள், இன்வர்டேஸ் உள்ளே தேங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள். 23 ஜீன்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் அடைக்கிறது என்பதை, தேங்கிய இன்வர்டேஸில் எவ்வளவு சர்க்கரை ஏறியிருக்கிறது என்பதை வைத்தே வரிசைப்படுத்த முடிந்தது. எண்டோபிளாச வலையில் நின்றால் அடிக்கிளை மட்டும், கோல்கையைத் தாண்டியிருந்தால் நீளச் சங்கிலி. ஜேம்ஸ் ராத்மன் விலங்குச் செல்லில் குமிழ் கலப்பதற்குத் தேவை என்று கண்ட புரதமும் இந்த ஈஸ்ட் வரிசையிலிருந்த செக்18-உம் ஒன்றே என்று பிறகு தெரிந்தது. 2013-இல் ஷெக்மன், ராத்மன், தாமஸ் சூடோஃப் மூவருக்கும் நோபல். கணையம் இன்சுலினை விடுவதும் மூளையில் ஒரு நரம்பு அடுத்ததற்குச் சமிக்ஞை விடுவதும் அடிப்படையில் இதே ஏற்பாடுதான்.

இனி உங்கள் பொட்டலத்துக்கு வருவோம். பிக்கியாவைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், அது தன் சொந்தப் புரதங்களை மிகக் குறைவாகத்தான் வெளியே விடும், அதனால் திரவத்தில் இருப்பது பெரும்பாலும் நமக்கு வேண்டிய நொதியாகவே இருக்கும். முதலில் கிளிசரால் கொடுத்துச் செல்களைப் பெருக்கி, அப்புறம் மெத்தனால் கொடுத்து ஜீனை விழிக்கவைப்பது பழைய முறை, மெத்தனால் இல்லாத முறைகளும் இப்போது உண்டு. ஈஸ்ட்டில் செய்வதெல்லாம் இப்படி வெளியே வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் கொண்டுவந்த ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியும் பிக்கியாவில் செய்ததுதான், ஆனால் அந்தப் புரதம் செல்லுக்குள்ளேயே தங்குவது, செல்லை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பெங்களூர் பயோகானின் இன்சுலினும் பிக்கியாதான், அது வெளியே விடப்படுவது. ஆக, "ஈஸ்ட்டில் தயாரித்தது" என்ற வரி மட்டும் எதையும் சொல்லிவிடாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் துணியின் பஞ்சு நீக்கப் போடுகிற செல்லுலேஸும் ஈஸ்ட்டிலிருந்து வருவதில்லை, பெரும்பாலும் டிரைக்கோடெர்மா என்ற பூஞ்சையிலிருந்து.

சூடு தாங்குவதில் மூன்று விஷயம் கலந்திருக்கிறது. முதலாவது, பெரியது, அமினோ அமில வரிசை. எந்த நுண்ணுயிரின் ஜீன், அதில் எந்த இடங்களை மாற்றியிருக்கிறார்கள் என்பது. இரண்டாவது, நாம் இவ்வளவு நேரம் பேசிய பாதை. சரியாக விழுந்த கந்தகப் பிணைப்பும் மேலே ஏறிய சர்க்கரையும் மடிப்பைக் குலையாமல் பிடித்துக்கொள்ள உதவும், அதனால் ஒரே ஜீன் பாக்டீரியாவில் செய்ததைவிட ஈஸ்ட்டில் செய்தது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கலாம். மூன்றாவது, பொடியின்மேல் போடுகிற பூச்சு. பொட்டலத்தில் இருக்கும் எஃப்டியூ அளவு இந்த மூன்றில் எதையும் காட்டாது. ஒரு எஃப்டியூ என்பது 37 டிகிரியில், பிஎச் 5.5-இல், சோடியம் ஃபைட்டேட்டிலிருந்து நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் பாஸ்பேட்டை விடுவிக்கும் அளவு, அவ்வளவுதான். கோழியின் உடல்சூடு 41 டிகிரி பக்கம், இரைப்பையில் அமிலம் இன்னும் கடுமை, கூடவே புரதத்தைச் செரிக்கும் பெப்சின் வேறு.

பல்லடம் பக்கம் கறிக்கோழிக்கு நீராவி விட்டுக் குச்சித் தீவனம் பிடிக்கிறவர்கள் 80, 85 டிகிரியைத் தாண்டிய பிறகு எவ்வளவு எஃப்டியூ மிச்சம் என்ற ஆய்வறிக்கையைக் கேட்டே வாங்க வேண்டும், முடிந்தால் தங்கள் ஆலையில் பிடித்த குச்சியையே சோதனைக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் முட்டைக்கோழிக்குச் சூடேற்றாமல் மாவாக அரைத்துப் போடுகிறவர் என்றால் சூடு தாங்கும் பூச்சுக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. உங்களுக்கு முக்கியம் பெப்சினைத் தாங்குகிறதா, கோடைக் குடோனில் எத்தனை மாதம் நிற்கும் என்பவை. டிசிபியை (பாஸ்பரஸுக்காகப் போடும் டைகால்சியம் பாஸ்பேட்) குறைக்கிற அளவையும் சோயா, மக்காச்சோளத்தில் இருக்கிற ஃபைட்டேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கோலின் குளோரைடும் தாது உப்பும் கலந்த பிரிமிக்ஸில் ஃபைட்டேஸைக் கலந்து வாரக்கணக்கில் வைக்காதீர்கள். தனியாக வைத்திருந்து, அரைக்கிற அன்றைக்கு, ஒரு கூடை மக்காச்சோள மாவில் முதலில் சீராகக் கலந்து, அப்புறம் மிக்சரில் போடுங்கள்.